போட்டி நடத்துகிறவரே விதியையும் எழுதலாமா? டிரையத்லானில் யார் கை ஓங்கியிருக்கிறது

எதிர்க்காற்று:
"அயர்ன்மேன் நிறுவனம் இல்லையென்றால் டிரையத்லானே இல்லை. கூட்டமைப்புகள் முத்திரை குத்துவதோடு சரி" என்று பெடல்மணி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்து முதல் அயர்ன்மேன் நெடுந்தூரப் போட்டியை நடத்தியது எந்த நிறுவனம்? ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும். 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். விற்பனையெல்லாம் பிறகு வந்தது. 2008இல் பிராவிடன்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், 2015இல் 65 கோடி டாலருக்கு வாண்டா என்ற சீன நிறுவனம், 2020இல் 73 கோடி டாலருக்கு அட்வான்ஸ் என்ற ஊடக நிறுவனம். கைமாறிய எந்தத் தடவையாவது வீரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

சரி, விற்பனை அவர்கள் இஷ்டம். 2023இல் ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பை ஹவாயின் கோனாவிலிருந்து பிரான்சின் நீஸ் நகருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அதற்கு யாரைக் கேட்டார்கள்? பெடல்மணி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

பெடல்மணி:
பதில் ரொம்பச் சுலபம். 2022இல் கோனாவில் வியாழன், சனி என இரண்டு நாள் நடத்திப் பார்த்தார்கள். வேலைநாளில் நெடுஞ்சாலையை மூடினால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இனி ஒரு நாள்தான் என்று ஊர் சொல்லிவிட்டது. பெண்களுக்குத் தனி நாள் வேண்டுமென்றால் இன்னொரு ஊர் தேடித்தான் ஆகவேண்டும். இதில் சதி எங்கே இருக்கிறது?

எதிர்க்காற்று:
சதி என்று நான் சொல்லவே இல்லை. ஊர் ஏன் மறுத்தது என்றும் கேட்கவில்லை. நீஸ் என்று முடிவெடுக்கும் முன் யாரைக் கேட்டார்கள் என்றுதான் கேட்டேன். 2023 போட்டிக்கான தகுதிச் சுற்றுகள் 2022லேயே தொடங்கிவிட்டன. கோனா என்று நம்பி உழைத்து ஸ்லாட் (போட்டியில் இடம்) வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரியில் நீஸ் என்று அறிவிப்பு வருகிறது. எரிமலைப் பாறை நடுவே நேர்ச்சாலையில் வெயிலையும் காற்றையும் தாங்கி மிதிப்பது ஒரு வித்தை. நீஸில் 2,400 மீட்டர் அளவுக்கு ஏற்றம், அப்புறம் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. காற்றுத் தடையைக் குறைக்கும் முன்கைப்பிடியான ஏரோ பாரில் குனிந்தே மணிக்கணக்கில் பழகியவர் அங்கே நிமிர்ந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்கவேண்டும். சைக்கிள், கியர், பயிற்சி எல்லாமே வேறு. யாரைக் கேட்டார்கள்?

உப்புநீர்:
இரண்டு பேரும் 2023இலேயே நிற்கிறீர்கள். 2026இல் ஆண்கள், பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் கோனாவுக்குத் திரும்புகிறார்கள். நீஸ் கதை முடிந்தது.

எதிர்க்காற்று:
முடியவில்லை, உப்புநீர். திரும்புவதையும் அதே நிறுவனம்தான் முடிவு செய்தது. போவதும் அவர்கள் விருப்பம், வருவதும் அவர்கள் விருப்பம்.

பெடல்மணி:
அவர்கள் போட்டி, அவர்கள் பணம், அவர்கள் பெயர். பிறகு யார் விருப்பமாக இருக்கும்? உங்களுக்குப் பிடிக்காவிட்டால் உலகக் கூட்டமைப்பான வேர்ல்டு டிரையத்லான் நடத்தும் நெடுந்தூர சாம்பியன்ஷிப்புக்குப் போங்கள். 1989இல் அவிஞோனில் தொடங்கி, டிரையத்லானை 2000இல் சிட்னி ஒலிம்பிக்வரை கொண்டுபோன அமைப்புதானே? அவர்களுடைய நெடுந்தூரப் பட்டத்தை எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்? மக்கள் கோனாவுக்குத்தான் உயிரை விடுகிறார்கள்.

மெதுவோட்டம்:
பெடல்மணி, அந்தக் கூட்டமைப்பு புனிதமானது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 2008இலிருந்து 2024வரை ஒரே தலைவர். அதைவிட முக்கியம், நெடுந்தூர உலகத் தொடர் என்ற அங்கீகாரத்தை 2024இல் டி100 தொடருக்குக் கொடுத்துவிட்டார்கள். டி100 நடத்துவது தொழில்முறை டிரையத்லான் வீரர்களின் அமைப்பான பிடிஓ. வீரர்களுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் முதல் போட்டது மைக்கேல் மோரிட்ஸ் போன்ற முதலீட்டாளர்கள். ஆக ஒரு பக்கம் நிறுவனமே கூட்டமைப்பு மாதிரி நடக்கிறது, இன்னொரு பக்கம் கூட்டமைப்பு தன் பட்டத்தைத் தூக்கி முதலீட்டாளர் கையில் கொடுக்கிறது. எதிர்க்காற்று இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

எதிர்க்காற்று:
கூட்டமைப்புக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே நாட்டுக் கூட்டமைப்புகள் மாநாட்டில் ஓட்டுப் போடுகின்றன. 2024இல் தலைவர் மாறினார். நீஸ் முடிவுக்கு எந்த மாநாடு, எந்த ஓட்டு? டி100ஐ இழுத்துவந்து பேச்சைத் திருப்பாதீர்கள்.

பெடல்மணி:
பேச்சைத் திருப்புவதே நீங்கள்தான். போன வருடம் டிராஃப்டிங் (முன்னால் போகும் சைக்கிளை ஒட்டிப் போவது) விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். 12 மீட்டர் இடைவெளி போதாது, 20 வேண்டும் என்று ஒரே வரியை விடாமல் எழுதி எல்லோரையும் ஓட வைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

எதிர்க்காற்று:
மறக்கவேண்டாம், அதுவும் இதே விவகாரம்தான். முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்றுத் தடை குறைகிறது, உழைக்காமலே வேகம் கிடைக்கிறது. 12 மீட்டரில் நல்ல சைக்கிள்காரருக்கு அநியாயம் என்று தொழில்முறை வீரர்கள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். பிடிஓ போட்டிகளில் 20 மீட்டர் வைத்துக் காட்டியபிறகும் அயர்ன்மேன் எத்தனை வருடம் 12லேயே உட்கார்ந்திருந்தது? தூரம் கூடினால் ஒரே பாதையில் அடைக்கிற ஆள் குறையும், ஆள் குறைந்தால் கட்டணம் குறையும். விதியை எழுதுகிறவரே கட்டணம் வாங்குகிறவராக இருந்தால் இதுதான் நடக்கும்.

உப்புநீர்:
20 மீட்டர் தொழில்முறை வீரர்களுக்குத்தான். வயதுப் பிரிவுகளில் இறங்கும் அமெச்சூர்களின் கட்டணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிடாதீர்கள்.

சாலைவிளக்கு:
ஊக்கமருந்துச் சோதனையை ஒருவரும் தொடவில்லையே. 2023இல் இபிஓ என்ற ஊக்கமருந்தை எடுத்த தொழில்முறை வீரர் அயர்ன்மேனின் சோதனைத் திட்டத்தில்தான் சிக்கினார், 3 ஆண்டுத் தடை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிகளுக்கு அந்த நிறுவனமே கையெழுத்திட்டிருக்கிறது. எல்லாமே மோசம் என்று பேசுவது நியாயமில்லை.

எதிர்க்காற்று:
சிக்கியது நல்லது, சந்தோஷம். ஆனால் தன் போட்டியில் வெல்லும் நட்சத்திரத்தைத் தானே சோதிக்கிற ஏற்பாட்டை எந்த விளையாட்டிலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 2023 ஹாம்பர்க்கையும் நினைத்துப் பாருங்கள். சைக்கிள் பாதையில் படமெடுப்பவரை ஏற்றிவந்த மோட்டார் சைக்கிள், எதிரே வந்த ஒரு போட்டியாளர் மேல் மோதியது. மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் அங்கேயே இறந்துபோனார். போட்டியை நிறுத்தவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

பெடல்மணி:
ஒரு சாவை எடுத்து விவாதத்தில் வெல்லப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கானோர் பாதையில் இருக்கும்போது நடுவில் நிறுத்தினால் மீட்பு வண்டிக்கு வழி கிடைக்குமா? குறுகிய பாதையில் மோட்டார் சைக்கிள்களைக் குறைக்கவேண்டும் என்று கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். அதற்கும் கம்பெனி யார் கையில் இருக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு?

எதிர்க்காற்று:
வெல்லப் பார்க்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒளிபரப்புக்காகப் பாதைக்குள் விட்ட வண்டி அது. எத்தனை வண்டி விடலாம் என்று தீர்மானிப்பவருக்கும் ஒளிபரப்பால் லாபம் பார்ப்பவருக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டாமா?

மெதுவோட்டம்:
ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஜெர்மனியின் ரோத் போட்டி 2001வரை அயர்ன்மேன் பெயரில்தான் நடந்தது. உரிமத்தை விட்டுவிட்டு 2002இலிருந்து சேலஞ்ச் ரோத் என்று சொந்தக் காலில் நிற்கிறது. ஒரு குடும்பம் நடத்துகிறது, ஊரே தெருவில் இறங்கி நிற்கிறது. கூட்டமைப்பை நம்பவும் வேண்டாம், பெரிய நிறுவனத்தை நம்பவும் வேண்டாம்.

பெடல்மணி:
ரோத் குடும்பமும் வியாபாரம்தான் செய்கிறது, மெதுவோட்டம். அங்கே மட்டும் வீரர்களைக் கூட்டி ஓட்டெடுப்பா நடத்துகிறார்கள்? சின்ன முதலாளி நல்லவர், பெரிய முதலாளி கெட்டவர் என்பது ஒரு வாதமா?

மெதுவோட்டம்:
ரோத்தில் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெடல்மணி:
பார்த்திருக்கிறேன். ரோத் சைக்கிள் பாதையின் சோலார் ஏற்றத்தில் கூட்டத்துக்கு நடுவில் நின்றவன்தான். கூட்டம் வேறு, நிர்வாகம் வேறு.

சாலைவிளக்கு:
எதிர்க்காற்று, ஒரே கேள்வி. வேர்ல்டு டிரையத்லான் கோனாவை நடத்தியிருந்தால் ஊர்க்காரர்கள் வியாழக்கிழமைக்குச் சம்மதித்திருப்பார்களா?

எதிர்க்காற்று:
சம்மதித்திருக்கமாட்டார்கள். அதனால் என்ன? நீஸா, வேறு ஊரா, இல்லை ஒரே நாளில் ஆட்களைக் குறைத்து நடத்துவதா என்று தகுதிபெற்றவர்களிடம் கேட்டிருக்கலாம். இத்தனை பதிவுக்குப் பிறகும் யாரைக் கேட்டார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

பெடல்மணி:
சொல்லியாயிற்று. உங்களுக்குப் பிடித்த பதில் இல்லை, அவ்வளவுதான். நீஸில் 2023இல் சாம் லெயிட்லோ வென்றபோது அந்த ஊர் எப்படி அதிர்ந்தது என்று பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை. அந்த மலைப்பாதைதான் உண்மையான சைக்கிள்காரரைக் காட்டியது.

உப்புநீர்:
உண்மையான சைக்கிள்காரரா? அப்படியானால் 2024 கோனாவில் 7 மணி 35 நிமிடத்தில் முடித்த பாட்ரிக் லாங்கே யார்? அவர் மாரத்தானில் எத்தனை பேரைத் தாண்டினார் என்று தெரியுமா?

பெடல்மணி:
லாங்கே ஓட்டக்காரர். நான் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உப்புநீர்:
டிரையத்லான் என்றால் மூன்றும் சேர்ந்ததுதான். லாங்கேயை மட்டம்தட்ட வேண்டுமென்றால் தனித் திரி தொடங்குங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன்.