15 இஞ்ச் வீல் போட்டால் எம்எக்ஸ்-5 தரையிலிருந்து உயருமா?

வணக்கம் நண்பர்களே. லண்டனில் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஓட்டுகிறேன். தெருவில் உள்ள வேகத்தடைகளில் எவ்வளவு மெதுவாக ஏறி இறங்கினாலும் வண்டியின் அடிவயிற்றில் எக்ஸாஸ்ட் பைப் உரசுகிறது. அதன் இணைப்பில் இருக்கும் போல்ட்டின் தலை தேய்ந்து பளபளக்கிறது.

பெரிய வீல் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. இப்போதுள்ள 185/60 ஆர்14 டயரின் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், வீல் 14 இஞ்ச்) மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ. பலரும் மாற்றிப் போடும் 195/50 ஆர்15 டயருக்கு 576 தான். வீல் பெரிதாகும் அளவுக்கு டயரின் பக்கச்சுவர் குறைந்துவிடுகிறதே! 195/55 ஆர்15 என்றால் சுமார் 596. விட்டத்தில் கூடும் 18 மி.மீ.யில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 9 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், அது பரவாயில்லை.

இந்த அளவு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசுகிறதா? இல்லை, வண்டி இப்படித் தாழ்ந்து உரசுவதற்குப் பழைய ஸ்பிரிங் தொய்ந்ததுதான் காரணமா? உங்கள் வண்டியில் வீலின் நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பு வரை அளந்து சொன்னால் பெரிய உதவி. ஸ்பிரிங் கம்பெனியிலிருந்து வந்ததா, மாற்றியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.