வாட்டுப் பொறுப்பு: மலையக ஆஸ்பத்திரிகளில் பார்த்ததும் பட்டதும்

கொட்டகலைத் தாதி எழுதியது:

எங்கள் வாட்டின் பொறுப்புச் சிஸ்டர் இடமாற்றம் பெற்றுச் செல்லவிருக்கிறார். வாட்டு முகாமைத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்குமாறு அவரும், ஆஸ்பத்திரித் தாதியருக்குத் தலைவியான மேட்ரனும் என்னைத் தொடர்ந்து வற்புறுத்துகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், மனதை விட்டு அகலாத ஒரு பிற்பகலை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

குளவி கொட்டு என்றால் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று ஒரே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைத் தோட்டத்து லொறியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். பலர் இடுப்பிலிருந்த படங்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. கதறியவர்களிடம் நாங்கள் ஓடினோம். சிஸ்டர் மட்டும் யாரிடமும் ஓடாமல், பிளாஸ்டர் சுருளும் பேனையுமாக வாசலில் நின்றார். யாருக்கு ஒவ்வாமை அதிர்ச்சிக்கான அட்ரினலின் ஊசி போடப்பட்டதோ, அந்த நேரத்தைப் பிளாஸ்டர் துண்டொன்றில் எழுதி அவருடைய மணிக்கட்டில் ஒட்டினார். ஐந்து நிமிடத்தில் தெளிவு ஏற்படாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம் என்பதால், முதல் ஊசியின் நேரத்தை யாரும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது என்பதே அவருடைய எண்ணம்.

வாங்கின் ஓரத்தில் ஓர் அம்மா அமைதியாக உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லங்க மிஸ், அந்தப் புள்ளையப் பாருங்க" என்று பக்கத்துப் பெண்ணைக் காட்டினார். சிஸ்டருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்ததையும், மேலுதடு ஒரு பக்கமாகத் தடித்திருந்ததையும் வாசலிலிருந்தே கண்டு, டொக்டரை நேராக அவரிடம் அழைத்துப் போனார். பார்த்தபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. அவர் பிழைத்து வீடு சென்றார்.

அந்தப் பார்வை பயிற்சியில் வருவதா, வருடங்களில் வருவதா? பொறுப்பை ஏற்றால் கோப்புகளுக்கு நடுவே அது மழுங்கிவிடுமா? அதைத்தான் அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை எழுதியது:

மகள், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அந்தச் சிஸ்டர் செய்தது மிகச் சிறந்த தாதியம்; ஆனால் அதையே முகாமைத்துவம் என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவீர்கள். குளவி தினமும் வருவதில்லை. பொறுப்பாளரின் தகுதி தெரியவரும் இடம், காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு என்று நாளுக்கு மூன்று முறை நடக்கும் கடமைக் கையளிப்புத்தான்.

நான் இரவுக் கடமைக்குச் சென்ற ஒரு மாலையில், ஆபத்தான மருந்துகளின் அலுமாரியைத் திறந்து எண்ணியபோது பெத்திடின் என்ற வலிநிவாரணிக் குப்பியொன்று பதிவேட்டிலிருந்த கணக்குக்குக் குறைந்தது. பயிற்சி முடித்து வந்து அதிக காலமாகாத ஒரு பிள்ளையிடம் அன்று சாவி இருந்தது. யாரும் வாய்விட்டுக் குற்றம் சொல்லவில்லை என்றாலும் எல்லோருடைய பார்வையும் அவள் மீதே போனது. அவள் சீருடையின் ஓரத்தைக் கைக்குள் திரட்டிப் பிடித்தபடி நின்றாள். எங்கள் பொறுப்புச் சிஸ்டர் கதவைச் சாத்தினார். எவருடைய பையையும் திறக்கக் கூடாது என்று முதலில் சொன்னார். பிறகு, சிங்களத்தில் "மகளே, உட்கார்" என்று அந்தப் பிள்ளையை இருக்கச் செய்துவிட்டு, அன்று வலிக்கு ஊசி பெற்ற ஒவ்வொரு நோயாளியின் டிக்கட்டையும், அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டையும், கொண்டுவரச் செய்து, ஒன்றுவிடாமல் சத்தமாக வாசிக்க வைத்தார். சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஒருவருடைய டிக்கட்டில், கட்டளையும் கொடுத்த நேரமும் கையொப்பமும் சரியாக இருந்தன; பதிவேட்டில் மட்டும் அந்த வரி ஏறியிருக்கவில்லை. கொடுத்தவர் வேறொரு மூத்த தாதி.

அன்று பைகளைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளை மறுநாளே இடமாற்றம் கேட்டிருப்பாள். கோப்புகளுக்கு நடுவே பார்வை மழுங்குமா என்று கேட்டீர்கள். அன்று ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது டிக்கட்டும் பதிவேடும்தான்.

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

சிஸ்டர் அம்மாவின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் அவர் சொல்வது பாதிதான். கணக்கு சரியாக இருக்கும் வாட்டிலும் நோயாளி அநாதையாகக் கிடக்க முடியும். அதை நான் கண்ணால் பார்த்தவன்.

நான் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியொன்றின் வாட்டில் தமிழ் பேசத் தெரிந்த தாதியர் இருவர் மட்டுமே இருந்தோம். இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வர வசதியாக ஒரே கடமை நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம்; அதை எவரும் தவறென்று எண்ணவில்லை. ஒரு காலையில் வந்தபோது, நோர்வூட் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியின் நெற்றியில் தையல் இருந்தது. இரவில் மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். தண்ணீர் கேட்பதாக நினைத்து வாட்டில் இருந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள், ஓயாமல் வேலை செய்தவர்கள். பாட்டி கடைசியில் தானாகவே இறங்கி நடந்து விழுந்திருக்கிறார். கட்டிலருகே இருந்த மேசையில் குடிக்கப்படாத மூன்று கோப்பைகள் வரிசையாக இருந்தன. அந்தக் கோப்பைகள்தான் இன்றுவரை என்னை உறுத்துகின்றன.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் அதற்குச் செயல்வடிவம் கொடுக்க வந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்கு அந்த உரிமை கிடைப்பதும் கிடைக்காததும், யாருக்கு எப்போது கடமை என்று வாட்டுச் சிஸ்டர் எழுதும் ரோஸ்டரில்தான் இருக்கிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் பொறுப்புக்கு வரவேண்டும் என்கிறேன். எங்கள் பெற்றோரில் பலருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்ததை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களுக்குத் தீர்த்து வைத்தது. அரச உத்தியோகத்தையே எண்ணிப் பார்க்க முடியாதிருந்த தலைமுறைக்கு அடுத்தவர்கள் நாம். இப்போது ரோஸ்டர் எழுதும் பேனை நம்மிடம் நீட்டப்படும்போது தயங்க வேண்டுமா?

நாவலப்பிட்டி அண்ணன் எழுதியது:

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பொறுப்பேற்ற முதல் வாரத்தில், என்னோடு படித்த நண்பனுடைய விடுமுறையை மறுக்க வேண்டியிருந்தது. அவன் அதற்குப் பிறகு வாட்டில் என்னை "சேர்" என்று மட்டுமே அழைத்தான். அது இருக்கட்டும்.

தங்கச்சிக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவதாக, மூன்று வருட டிப்ளோமாவோடு நின்றுவிடாதீர்கள். திறந்த பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே தாதிய விஞ்ஞானப் பட்டத்தைப் படிக்கலாம். நம் பிள்ளைகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போனால், பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களிலேயே நேரடியாகத் தாதியப் பட்டம் படிக்க இடமுண்டு என்பதையும் தோட்டத்துப் பாடசாலைகளில் சொல்லுங்கள். வாட்டு முகாமைத்துவப் பயிற்சி அடிப்படைத் தாதியப் பயிற்சிக்குப் பிறகு கொழும்பில் நடக்கும் பின்னடிப்படைப் படிப்பு; நீண்ட காலம் வீட்டை விட்டுத் தங்கவேண்டியிருக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் அம்மாவிடமா மாமியாரிடமா விடுவது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதாக, சிங்களத்தைப் பேச மட்டும் தெரிந்தால் போதாது. பணிப்பாளருக்கு எழுதும் கடிதம், சம்பவ அறிக்கை, திருத்த வேலைக்கான கோரிக்கை ஆகிய மூன்றையும் பிறருடைய உதவியின்றிச் சிங்களத்தில் எழுதப் பழகுங்கள். உறிஞ்சும் கருவி பழுதானதைச் சிற்றூழியரிடம் வாயால் சொல்லி அனுப்பினால் அது சரியாவதில்லை. திகதியிட்டு எழுதி, பிரதியை வைத்துக்கொண்டால் சரியாகும். டிக்கட்டுகளும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்தையும் விட்டுவிட முடியாது.

மூன்றாவதாக, சிற்றூழியரோடு பழகும் முறை. காலையில் வாட்டுக்குள் நுழைந்தவுடன் குறை சொல்லாதீர்கள். முதலில் வணக்கம், பிறகு கட்டில் விரிப்பு. நான்காவதாக, தொழிற்சங்கம். எந்தச் சங்கத்தில் இருந்தாலும் இருங்கள். ஆனால் ரோஸ்டரைச் சங்கத்துக்கு ஏற்ப எழுதாதீர்கள். அத்துடன் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். மலைக் குளிரில் நின்றபடி வேலை செய்பவர்களுக்கு நாற்பதுக்குப் பிறகு அதுதான் முதலில் போகும்.

ஹட்டன் மலர் எழுதியது:

அண்ணன், அந்தச் சகோதரி பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று கேட்கவேயில்லை. நீங்கள் சொன்னவை பயனுள்ளவைதான். ஆனால் நண்பன் "சேர்" என்று அழைத்த கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டு முழங்கால்வரை போய்விட்டீர்கள். அந்தக் கதையைத்தான் நான் வாசிக்க விரும்பினேன்.

என் மனதில் நிற்பது 2022. எரிபொருள் இல்லை, பஸ் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. கீழே டவுனில் இருந்தவர்கள் மேலே வர வழியின்றித் தவித்தார்கள். எங்கள் சிஸ்டர் அமைதியான சுபாவம் உள்ளவர். மாகாண அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு ஒன்றும் ஆகாத பிறகு, பக்கத்துத் தோட்டத்து மனேஜரிடம் தானே நடந்து போனார். மறுநாள் விடியற்காலையில், கொழுந்து லொறி எங்களை ஏற்றிக்கொண்டு மலையேறியது. வெள்ளைச் சீருடை நனையாதிருக்க வெறும் கொழுந்துச் சாக்குகளை விரித்து உட்கார்ந்திருந்தோம். இறங்கும்போது சிஸ்டர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். இரவுக் கடமையில் இருந்தவர்கள் மாற்றாள் வராததால் இரண்டாவது பகலுக்குள் போகும் நிலை அன்றோடு நின்றது. தோட்டத்து லொறியைக் கேட்பது பொறுப்புச் சிஸ்டரின் கடமைப் பட்டியலில் எங்கும் இல்லை.

ஆகையால் பதிவேடா பார்வையா என்று மேலே நடக்கும் வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆட்களே வந்து சேராத வாட்டில் எண்ணுவதற்கும் பார்ப்பதற்கும் யார் இருப்பார்கள்?

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை எழுதியது:

மஸ்கெலியாத் தம்பி, அந்தக் கோப்பைகளைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு எதிராக நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மவர் ஒருவர் சிஸ்டரானாலே அது தீர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். தமிழ்ச் சிஸ்டர் இருந்த வாட்டிலும் இரவில் தமிழ் இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். செய்யவேண்டியது எளிது. ரோஸ்டர் தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டு, தமிழ் தெரிந்தவர்களுக்கு அடையாளம் இட வேண்டும். அடையாளமில்லாத இரவு எதுவும் இருக்கக் கூடாது. தாதி இல்லாவிட்டால், தமிழ் தெரிந்த சிற்றூழியரையாவது அந்த இரவுக்கு வைக்க வேண்டும். இதைச் சிங்களச் சிஸ்டர் ஒருவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார்.

இது உடையும் இடம் சித்திரை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் சிங்களப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் நமக்காக நிற்பார்கள். வெசாக்குக்கு நாம் நிற்போம். ஏப்ரல் புத்தாண்டு இருவருக்கும் உரியது. எல்லோருக்கும் ஊருக்குப் போக வேண்டும், பஸ்களும் குறையும். அந்த மாத ரோஸ்டரை மார்ச்சில் எழுத உட்கார்ந்தால் சண்டைதான் மிஞ்சும். பெப்ரவரியிலேயே எல்லோரையும் உட்கார வைத்து எழுதுங்கள். கொட்டகலை மகள், நீங்கள் பொறுப்பேற்றால், 13ஆம், 14ஆம் திகதிகளின் கட்டத்தில் முதலில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் பிறகு தாளை மற்றவர்களிடம் கொடுங்கள்.