அப்பா வீட்ட எக்சிகியூட்டர் அண்ணன் தன் இஷ்டத்துக்கு விக்கலாமா?

சுங்கை சிப்புட் மகள்: அப்பா தவறி ரெண்டு வருசம் ஆச்சு. பால்மரம் வெட்டிச் சேத்த காசுல வாங்குன தாமான் (குடியிருப்பு) வீடு, நாலு பிள்ளைக்கும் சமமா வில் எழுதிட்டு அண்ணன எக்சிகியூட்டரா, அதாவது வில்லுல உள்ளபடி சொத்த நிர்வாகம் பண்ணிப் பிரிச்சுக் குடுக்கிறவரா, போட்டிருக்காரு. மாசம் 600 வெள்ளி வாடகை அவர்தான் வாங்குறாரு, கணக்கு கேட்டா கோர்ட்டே எனக்குத்தான் பிரோபேட் (வில்ல நடத்துற உத்தரவு) கொடுத்திருக்கு நீ யாரு கேக்கங்கிறாரு. இப்ப அண்ணியோட தம்பிக்கே விக்கப் போறாராம், பக்கத்து வீடு போன வெலைக்கு ரொம்பக் கீழ. எங்கப்பா கடைக்கு 20 காசு பாக்கின்னாலும் 555 புக்குல எழுதி வெச்ச மனுசன்.

கங்காணி பேரன்: தங்கச்சி, நானும் எக்சிகியூட்டரா இருந்தவன். சாவு செலவு, பேங்க் கடன், நிலவரி, லாயர் பீஸ் எல்லாம் கைக்காசு போட்டேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. மலேசியாவோட 1959 பிரோபேட் சட்டத்துல 77-வது பிரிவே இறந்த நாள்ல இருந்து ஒரு வருசத்துக்கு பிரிச்சுக் குடுன்னு கட்டாயப்படுத்த முடியாதுங்குது. வில்லுல தடை இல்லன்னா விக்கவும் செய்யலாம், நெலத்த விக்க கோர்ட் அனுமதி கேக்கணுங்கிறது அட்மினிஸ்ட்ரேட்டருக்குத்தான், அதாவது வில்லுல எக்சிகியூட்டர் இல்லாதப்ப கோர்ட் போடுற ஆளுக்கு. கடன் அடச்சு முடியிற வரைக்கும் இந்த ரூம் என்னுதுன்னு யாரும் சொல்ல முடியாது.

லாயர் ஆபிஸ் அக்கா: ஒரு வருசம் சரி தம்பி, அங்க ரெண்டு வருசம் ஓடிருச்சே. விக்கலாம், ஆனா யாருக்கு, என்ன வெலைக்குன்னு இருக்குல்ல? கிராண்ட்ல (வீட்டுப் பட்டாவுல) அண்ணன் பேரு ஏறுனாலும் கூடவே மலாய்ல "செபாகாய் வாக்கில்"னு இருக்கும் பாருங்க, அதாவது பிரதிநிதியா மட்டும், சொந்தக்காரனா இல்ல. சொந்தத்துக்கு அடிமாட்டு வெலைக்குக் குடுத்தா நஷ்டத்த அவரே கட்ட வேண்டி வரும். போட்ட கைக்காச ரசீது காட்டி எடுத்துக்கலாம், கமிஷன்னா கோர்ட் ஒத்துக்கிட்டாத்தான், அதுவும் 5 சதவீதத்துக்கு மேல கெடையாது. தகுந்த காரணம் இருந்தா 34-வது பிரிவுல பிரோபேட்டயே ரத்து பண்ணலாம்.

கங்காணி பேரன்: கணக்கு குடுக்கணும், அதுல நான் மாறல. ஆனா எடுத்த எடுப்புல கோர்ட்டுக்குப் போனா லாயர் செலவுலயே பாதி வீடு போயிரும், அண்ணன் தங்கச்சி பேச்சும் அத்துப் போயிரும். எங்க வீட்ல அதான் நடந்துச்சு.

சுங்கை சிப்புட் மகள்: வாடகைக்கு இருக்கிற அக்கா பேங்க் சிலிப்பு காட்டுனாங்கண்ணே, எல்லாம் அண்ணனோட சொந்த அக்கவுண்ட்டுக்கே போயிருக்கு. சனிக்கெழம நாங்க மூணு பேரும் கையெழுத்து போட்டு லெட்டர் குடுக்குறோம். மொதல்ல வாடகைக் கணக்கு, அப்புறம் வீட்டு மதிப்பச் சொல்ற வேல்யூவர் ரிப்போர்ட். அதுக்கப்புறம் அவரு விக்கிறதப் பத்தி பேசட்டும்.