டாப்-அப் மீட்டர், குளிர்ந்த வீடு: அம்மாவுக்கு என்ன வழி?

கேள்வி (ஹாரோ, லண்டன்):
அம்மாவும் நானும் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டைச் சூடாக்கும் கேஸுக்கு டாப்-அப் மீட்டர், முன்பணம் போட்டால்தான் ஓடும். சனிக்கிழமை கடையில் 10 பவுண்ட் போட்டால் செவ்வாய்க்குள் தீர்ந்துவிடுகிறது. அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரச் சுவரெல்லாம் கரும்பூஞ்சை. கோடை முழுக்க கேஸே எரிக்கவில்லை. அப்படியும் முதல் டாப்-அப்பில் பாதிப் பணம் எங்கே போனது?

பதில் 1:
அது ஸ்டாண்டிங் சார்ஜ். கேஸ் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும். கோடையில் சேர்ந்த பாக்கியைத்தான் பிடித்திருக்கிறார்கள். அடுத்த கோடையில் அவ்வப்போது கொஞ்சம் போட்டு வையுங்கள். சரி, அம்மாவுக்கு பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) வருகிறதா? வந்தால் குளிர்காலத்துக்கு 150 பவுண்ட் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட், அதாவது மின்சார பில்லில் தள்ளுபடி, உண்டு. ஆனால் மின்சார பில் அவர் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பில் என் பெயரில் இருந்ததால் மாமியாருக்கு ஒரு வருடப் பணம் கிடைக்காமலே போனது. இன்னும் வயிறு எரிகிறது.

பதில் 2:
கையில் காசில்லாத நாளில் கேஸ் கம்பெனியிடம் எமர்ஜென்சி கிரெடிட் (அவசரத்துக்குக் கடனாகத் தரும் தொகை) கேளுங்கள். கவுன்சிலிலும் ஃபுட் பேங்கிலும் (இலவச உணவு தரும் இடம்) எரிபொருள் வவுச்சர் விசாரியுங்கள். காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்துத் தண்ணீர் சூடாக்குவது) என்றால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறைத்தால் கேஸ் மிச்சமாகும். பூஞ்சையைப் படம் எடுத்து வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அம்மாவின் நெஞ்சுக்கு அது ஆகாது.

கேட்டவர்:
பில் என் பெயரில்தான் இருக்கிறது. நாளைக் காலையே மின்சாரக் கம்பெனியைக் கூப்பிட்டு அம்மா பெயருக்கு மாற்றச் சொல்கிறேன்.