டிகிராம் வீசி நேரில் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செவன் டிரெயின்:

பேஸ்பால் பார்க்கும் தமிழர்கள் இங்கே சிலராவது இருக்கிறீர்கள் என்று தெரியும். ஜேக்கப் டிகிராம் வீசுவதை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதுங்களேன். நான் அவர் முன்பு ஆடிய நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகன், 2021 ஏப்ரலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு அணியிலும் ஐந்து பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அவர்களில் முதன்மையானவர்தான் ஏஸ். ஐந்து நாளைக்கு ஒருமுறை வந்து நூறு பந்து போல வீசிவிட்டுப் போவார். 162 ஆட்டம் கொண்ட சீசனில் உடம்பு முழுக்க நன்றாக இருந்தாலும் முப்பத்துச் சொச்சம் முறைதான் அவர் கிடைப்பார். அதனால் ஏஸ் தோளைத் தடவிக்கொண்டால்கூட நியூயார்க்கில் அது செய்தி.

அந்த வருடம் தொடக்கமே கோணல். வாஷிங்டன் அணியில் கொரோனா பரவியதால் மெட்ஸின் முதல் தொடர் நடக்கவில்லை. டிகிராமின் முதல் ஆட்டம் ஏப்ரல் 5, பிலடெல்பியாவில். ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, 77 பந்துதான் ஆகியிருந்தது. போதும் என்று இறக்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எட்டாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்து ஆட்டத்தைத் தொலைத்தார்கள். மெட்ஸ் ரசிகர்களுக்கு இது பழகிப்போனது. 2018இல் இந்த மனிதர் 1.70 ஈஆர்ஏ வைத்து, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்கூடக் கொடுக்காமல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஆனால் அந்த வருடம் வெற்றி 10, தோல்வி 9. அவ்வளவு அழகாக மட்டை பிடித்தார்கள் நம் ஆட்கள்.

ஏப்ரல் 10, மயாமிக்கு எதிராக மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில். நான் போயிருந்தேன். 20 சதவீத இருக்கைக்குத்தான் அனுமதி. தடுப்பூசிச் சான்றோ பரிசோதனை முடிவோ காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். கூட்டம் இல்லாததால் ஒரு லாபம் இருந்தது: பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் மேல் அடுக்கு வரை கேட்டது. அவருடைய வேகப்பந்துக்கும் எதிரணி பிட்சரின் வேகப்பந்துக்கும் கண்ணில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காதில் தெரிந்தது. எட்டு இன்னிங்ஸில் 14 ஸ்ட்ரைக் அவுட், அதாவது 14 பேர் பந்தை அடிக்க முடியாமலே வெளியேறினார்கள். கொடுத்தது ஒரே ரன், அதுவும் ஜாஸ் சிஷம் மணிக்கு 100 மைல் வேகத்தில் வந்த பந்தைத் தூக்கி அடித்த ஹோம் ரன். ஆட்டம் 0-3 என்று தோல்வி.

அடுத்தது டென்வரில். முந்தைய நாள் பனி விழுந்து ஆட்டமே நடக்கவில்லை. அந்தக் குளிரில் போய் தொடர்ச்சியாக ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மெட்ஸின் பழைய பிட்சர் டாம் சீவர் 1970இல் வைத்த பத்து என்ற சாதனைக்கு ஒன்று குறைவு. பிறகு ஏப்ரல் 23, வாஷிங்டனுக்கு எதிராக ஆட்டம் முழுவதையும் அவரே வீசி 15 ஸ்ட்ரைக் அவுட். இரண்டு ஹிட்தான் விட்டார். மட்டையிலும் அவரே இரண்டு ஹிட் அடித்தார். அப்போது ஈஆர்ஏ 0.31. ஏப்ரல் முடியும்போது ஐந்து ஆட்டத்தில் 59 ஸ்ட்ரைக் அவுட், ஃபீல்டிங் பிழையால் வந்தவை போக அவர் கணக்கில் ஏறிய ரன் இரண்டே இரண்டு. வெற்றி இரண்டு, தோல்வி இரண்டு. இதைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் நம்புவதில்லை.

பயமும் அந்த ஏப்ரலில்தான் தொடங்கியது. மோசமாக வீசியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். வேகப்பந்தின் சராசரி 2018இல் 96 மைல். 2021இல் 99ஐத் தாண்டியிருந்தது. வயது 32. இந்த வயதில் மற்றவர்களுக்கு வேகம் குறையும், இவருக்கு வருடா வருடம் ஏறியது. வர்ணனையாளர்கள் அதிசயம் என்றார்கள். எனக்கு அது வட்டிக்கு வாங்கிச் செலவு செய்வது போலத் தெரிந்தது.

மே மாதம் விலாப்பக்கம் பிடித்துக்கொண்டது. ஜூன் 11, சான் டியாகோவுக்கு எதிராக 80 பந்தோடு நிறுத்தினார்கள், முன்கைத் தசைநாண் அழற்சி என்றார்கள். ஐந்தே நாளில் சிகாகோவுக்கு எதிராகத் திரும்பி வந்தார். ஒன்பது பேர் வந்தார்கள், எட்டுப் பேர் ஸ்ட்ரைக் அவுட், ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை. நான்காவது இன்னிங்ஸுக்கு அவர் வரவில்லை. தோளில் வலி. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், அணைத்துவிட்டேன். ஆட்டத்தில் மெட்ஸ் ஜெயித்தது என்று மறுநாள்தான் தெரியும்.

ஜூலை 7க்குப் பிறகு அந்த வருடம் அவர் வீசவே இல்லை. 15 ஆட்டம், 92 இன்னிங்ஸ், ஈஆர்ஏ 1.08, அதோடு சரி. செப்டம்பரில் மெட்ஸ் நிர்வாகத் தலைவர் சாண்டி ஆல்டர்சன், முழங்கை லிகமென்ட்டில் சிறிய கிழிசல் இருந்தது, தானாகவே ஆறிவிட்டது என்கிறார். டிகிராம், என் லிகமென்ட்டுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். ரசிகன் யாரை நம்புவது? இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் உடம்பைப் பற்றி வரும் எந்த அறிக்கையையும் நான் பாதிதான் நம்புகிறேன்.

எலும்பும் நரம்பும்:

நான் நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்ட். டிகிராமைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி, ஆனால் அவரைப் போல வீச ஆசைப்படும் பள்ளிப் பையன்களை நிறையப் பார்க்கிறேன். அந்த லிகமென்ட் பற்றிச் சொல்கிறேன்.

முழங்கையின் உள்பக்கத்தில், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டை அது. கை பின்னால் வளைந்து முன்னால் பாயும் கணத்தில் முழங்கை பிளந்துகொள்ளாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பலமாக வீசும் ஒவ்வொரு பந்திலும் அது தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்தில் போய்த்தான் திரும்புகிறது. சுற்றியுள்ள முன்கைத் தசைகள் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அந்தத் தசை களைத்தாலோ வீங்கினாலோ மிச்சப் பாரமும் லிகமென்ட்டின் தலையில். அதனால்தான் “முன்கை இறுக்கம்” என்று செய்தி வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் முகம் மாறுகிறது. முன்கை என்று சொல்வார்கள், நாங்கள் முழங்கையைப் பார்ப்போம்.

கிழிந்தால் டாமி ஜான் அறுவை. உடம்பின் வேறு இடத்திலிருந்து, பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து, ஒரு தசைநாணை எடுத்து அங்கே கோத்துக் கட்டுவார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு. அவர் வாங்கிய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை. இதைக் கேட்டுவிட்டு, மகனுக்கு முன்கூட்டியே செய்துவிடலாமா, வேகம் கூடுமா என்று கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். கூடாது ஐயா. அறுவை வேகத்தைத் தராது, ஒரு வருடத்துக்கு மேல் செய்யும் பயிற்சி வேண்டுமானால் உடம்பைத் தேற்றும்.

டிகிராமுக்கு இது முதலில் நடந்தது 2010இல். புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மெட்ஸ் அவரை ஒன்பதாவது சுற்றில் எடுத்த அதே வருடம். கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடிய பையன், பந்துவீச்சே புதிது. செவன் டிரெயின் சார் சொல்லும் 2021இல் அவர் வீசியது பதினோரு வருடப் பழைய ஒட்டுவேலையை வைத்துத்தான்.

ஆர்லிங்டன் வெயில்:

நான் டெக்சாஸ் பக்கம். 2022 டிசம்பரில் எங்கள் அணி ரேஞ்சர்ஸ் ஐந்து வருடத்துக்கு 185 மில்லியன் டாலர் என்று அவரை ஒப்பந்தம் செய்தபோது ஆபீஸில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. எங்கள் டீம் லீடர், “அக்கா, பாதி வருஷம் பெஞ்சுல உட்கார இவ்வளவு பணமா?” என்றான். பாதி வருடம்கூட வரவில்லை.

2023 தொடக்க ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பிலடெல்பியாவுக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ்கூட முடிக்கவில்லை, ஐந்து ரன் கொடுத்தார். ரேஞ்சர்ஸ் 11-7 என்று ஜெயித்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏப்ரல் 17, கேன்சஸ் சிட்டியில் நான்கு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட விடாமல் வீசிவிட்டு, மணிக்கட்டு வலி என்று வெளியேறினார். ஏப்ரல் 28, யாங்கீஸ். அன்றைக்கும் நாங்கள் மைதானத்தில் இருந்தோம். நான்காவது இன்னிங்ஸில் பயிற்சியாளரும் மருத்துவ உதவியாளரும் நடந்து போனார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர், ரேஞ்சர்ஸ் தொப்பி பழசாகி நிறமே போனவர், ஒரே வார்த்தை சொன்னார்: “முன்கை.” அவருக்கு எப்படித் தெரிந்ததோ. மறுபடி வரவே இல்லை, ஜூனில் இரண்டாவது டாமி ஜான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் தொடங்கிய ஆறு ஆட்டத்தையும் அணி ஜெயித்தது. பிறகு அவர் இல்லாமலே சாம்பியன் கோப்பையான உலகத் தொடரையும் வாங்கியது, ரேஞ்சர்ஸ் வரலாற்றில் முதல்முறையாக. எங்களுக்கு அவர்மேல் கோபம் வராததற்கு அதுதான் காரணம். கோப்பை இல்லாமல் போயிருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

லாங் ஆன்:

கிரிக்கெட் ஆள் நான். ஒரு சந்தேகம். பும்ராவுக்கு முதுகு போனதும் இங்கே எல்லாரும் சொன்னது “வேலைப்பளு, வேலைப்பளு” என்றுதான். டிகிராம் ஐந்து நாளைக்கு ஒருமுறைதானே வீசுகிறார்? நூறு பந்தில் முடிந்துவிடுகிறதே? நம் ஆள் ஒரு டெஸ்ட் இன்னிங்ஸிலேயே அதைவிட அதிகம் போடுகிறாரே.

எலும்பும் நரம்பும்:

தம்பி, இரண்டும் வேறு வேறு பாரம். கிரிக்கெட்டில் ஓடி வந்து, கையை நேராக வைத்து வீச வேண்டும். ஊன்றும் காலும் இடுப்புக்கு மேலே முதுகும் அடி வாங்கும். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறிகிறார்கள். முழங்கையும் தோளும் வாங்கும். எண்ணிக்கையைவிட ஒவ்வொரு பந்திலும் எவ்வளவு முழுமூச்சாக வீசுகிறார் என்பதுதான் கேள்வி.

செவன் டிரெயின்:

டாக்டர் மாதிரி எழுதுகிறீர்கள், நன்றி. அந்த “முழுமூச்சு” விஷயத்தில்தான் எனக்கும் பேச்சு.

2022 ஏப்ரலையும் மறக்க முடியாது. தொடக்க ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இந்த முறை தோள்பட்டை எலும்பில் அழுத்தப் பாதிப்பு. அவர் வீச வேண்டிய முதல் ஆட்டத்தை டைலர் மெகில் வீசினார். டிகிராம் திரும்பியது ஆகஸ்டில். மெட்ஸ் அந்த வருடம் 101 ஆட்டம் ஜெயித்தது, அதில் அவர் பங்கு கொஞ்சம்தான். அவர் மெட்ஸை விட்டுப் போனபோது வருத்தப்பட்டேன், ஆனால் 185 மில்லியனை மெட்ஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் 2025 என்னைத் திகைக்க வைத்துவிட்டது. 30 ஆட்டம் தொடங்கினார். 2019க்குப் பிறகு அவ்வளவு ஆடியதே இல்லை. 12 வெற்றி, ஈஆர்ஏ 2.97, 185 ஸ்ட்ரைக் அவுட், ரேஞ்சர்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகில், காயத்திலிருந்து மீண்டு வந்தவருக்கான விருது. 37 வயதில். சராசரி வேகம் 97 மைல் சொச்சம். அந்த வருடம் சீசனுக்கு முந்தைய வசந்தப் பயிற்சியின்போதே, எல்லாப் பந்தையும் உச்ச வேகத்தில் வீச வேண்டியதில்லை, 2018இல் இதைவிடக் குறைவாக வீசித்தானே நன்றாக ஆடினேன் என்ற பொருளில் பேசியிருந்தார். ஏழு வருடம் கழித்து! இதை 2020இலேயே யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் மெட்ஸுக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வராது. சொல்லியிருப்பார்கள், அவர் கேட்டிருக்க மாட்டார். 0.31 ஈஆர்ஏ வைத்திருப்பவனிடம் மெதுவாக வீசு என்று யார் சொல்வது?

அந்த செப்டம்பரில் ரேஞ்சர்ஸோடு சிட்டி ஃபீல்டுக்கு வந்தார். ஏழு இன்னிங்ஸ், மூன்று ரன், மெட்ஸ் 3-8 என்று தோற்றது. மெட்ஸ் தோற்றதில் வருத்தம்தான். இருந்தாலும் எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

லாங் ஆன்:

அப்படியானால் அடுத்த முறை அவர் வீசும்போது எதைப் பார்க்க வேண்டும் சார்? ஸ்ட்ரைக் அவுட்டா?

செவன் டிரெயின்:

அது வேண்டாம். முதல் இன்னிங்ஸில் திரையின் ஓரத்தில் வரும் வேகத்தைப் பாருங்கள். 96, 97 என்று இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஏப்ரல் மாதத்தில் 100 காட்டினால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், சேர்ந்து கவலைப்படுவோம்.

ஆர்லிங்டன் வெயில்:

எனக்கும் அனுப்புங்கள். ஒப்பந்தம் 2027 வரை இருக்கிறது.