லாரியில் ஏறினால் கணக்கில் வருமா?

கிக்கர்:
பழைய இரும்பு சார் நேற்று இந்தக் குழுவில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் கேனன்பால் என்ற பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டம் வெறும் லாரி ஊர்வலம், பழைய வண்டிகள் பாதி தூரம் லாரியில்தான் போகின்றன" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். 2016 ஓட்டத்தில் அவர்கள் ஒஹாயோவின் சில்லிகாத்தியில் இரவு தங்கினார்கள். நான் நேரில் போய்ப் பேசியவன். அட்லாண்டிக் சிட்டியில் கிளம்பி கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் வரை, 1917-க்கு முந்தைய வண்டிகள் மட்டும். ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து, சிலிண்டரைக் கழற்றிவைத்துவிட்டு வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டார்ச் பிடித்தவர் இன்னொரு போட்டியாளர். எஞ்சினுக்கு எண்ணெய் போவது எப்படி என்று கேட்டேன். கை பம்பை அழுத்திக் காட்டினார். ஓட்டிக்கொண்டே அழுத்த வேண்டும். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதிகமானால் பிளக்கில் கரி ஏறும். இவரையா ஊர்வலம் போகிறவர் என்கிறீர்கள்?

பழைய இரும்பு:
கதை அருமை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பின்னால் லாரி வந்ததா, இல்லையா?

கிக்கர்:
வந்தது. வழியில் நின்றுபோன வண்டிகளை ஏற்றி வர. ஓட்டிய மைலுக்கு ஒரு புள்ளி, லாரியில் போன மைலுக்குப் புள்ளியே கிடையாது. புள்ளி சமமானால் சின்ன எஞ்சினுக்குத்தான் முன்னுரிமை. அந்த வருடம் ஜெயித்தது 1914-ஐச் சேர்ந்த ஒற்றை சிலிண்டர் ஹார்லி.

பழைய இரும்பு:
ஆக, லாரி வந்தது. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நெடுஞ்சாலை:
அண்ணே, லாரி வந்ததும் லாரியில் போனதும் ஒன்றா? ஆம்புலன்ஸ் நிற்பதால் மாரத்தான் ஓடியவர் ஓடவில்லை என்று ஆகிவிடுமா?

பழைய இரும்பு:
தம்பி, இந்த ஓட்டத்துக்கே பெயர் கொடுத்தவர் கேனன்பால் பேக்கர். 1914-ல் 'இந்தியன்' என்ற அமெரிக்கக் கம்பெனி மோட்டார் சைக்கிளில் சான் டியேகோவிலிருந்து நியூயார்க்குக்கு 11 நாள், 12 மணி, 10 நிமிடத்தில் போனார். அவர் பின்னால் எந்த லாரி வந்தது?

கிக்கர்:
பேக்கர் ரோடு இல்லாத இடத்தில் ரயில் தண்டவாளத்திலும் ஓட்டினார். அதைக் கழிப்பீர்களா? அவருக்கும் முன்னால், 1903-ல் ஜார்ஜ் வைமன் எஞ்சின் பொருத்திய சைக்கிளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 50 நாளில் நியூயார்க் வந்தார். அமெரிக்காவை முதலில் கடந்த மோட்டார் வண்டியே அதுதான். ஆல்பனியில் எஞ்சின் போனது, மிச்சத் தூரம் பெடல் மிதித்துத்தான் வந்தார். அவர் கடக்கவில்லையா?

பழைய இரும்பு:
பெடல் மிதித்தார். லாரியில் ஏறவில்லையே!

வால்வுக்காரன்:
இரண்டு பேரும் வண்டியை விட்டுவிட்டு லாரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். பிஸ்டன் புதுசு, டயர் புதுசு என்றால் அது என்ன 1917-க்கு முந்தைய வண்டி? என் அப்பாவின் புல்லட் இன்னும் அதே பிஸ்டனில் ஓடுகிறது.

நெடுஞ்சாலை:
சென்னையில் புல்லட் கம்பெனி தொடங்கியதே 1955-ல். இந்த ஓட்டத்தில் அதை வாசலில்கூட நிறுத்த விட மாட்டார்கள். அப்புறம், நீங்கள் எனக்கு விற்ற மேக்னெட்டோ, அதான் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம், இன்னும் ஸ்பார்க் தரவில்லை. ஒரிஜினல் பற்றி நீங்கள் பேசாதீர்கள்.

வால்வுக்காரன்:
ஈரத்தில் போட்டு வைத்தால் எந்த மேக்னெட்டோவும் செத்துத்தான் போகும். வாங்கும்போது ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?

நெடுஞ்சாலை:
பார்த்தது வேறு, பார்சலில் வந்தது வேறு.

கிக்கர்:
மேக்னெட்டோவைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். வால்வுக்காரரே, நூறு வருடத்து டயரில் நீங்கள் தெருமுனை வரை போய்க் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். பழைய இரும்பு சார், இவர்களுக்கு வழித்தாள் கையில் வருவதே அன்றன்று காலையில்தான். ஜிபிஎஸ் கூடாது. முன்சக்கரத்தில் பிரேக்கே இல்லாத வண்டிகளில் ராக்கி மலையிலிருந்து இறங்குகிறார்கள். பின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அந்த இறக்கத்தில் லாரியா வந்து காப்பாற்றும்? டார்ச் பிடித்தவரிடம், "எதிராளிக்கு ஏன் உதவுகிறீர்கள்?" என்று கேட்டேன். நாளைக்குத் தன் வண்டி திறந்து கிடக்கும், அப்போது அவர் வந்து பிடிப்பார் என்றார். மறுநாள் காலை ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ராத்திரி வேலை. லாரியில் போகிறவருக்கு எதற்கு அது?

பழைய இரும்பு:
உங்கள் டார்ச்சுக்காரரும் ஒரு நாளாவது லாரியில் ஏறினாரா, இல்லையா? ஆம், இல்லை, ஒரே வார்த்தை.

கிக்கர்:
ஏறியிருந்தால் அந்த மைல் அவர் கணக்கில் இல்லை. எத்தனை தடவை சொல்வது?

பழைய இரும்பு:
கணக்கைக் கேட்கவில்லை. ஏறினாரா?

நெடுஞ்சாலை:
வால்வுக்காரரே, பணம் எப்போது திரும்பி வரும்?