ஐந்தும் வரம்புக்குள் என்றால் ஐந்தும் சேர்ந்து?

இரவுப்பறவை:
திராட்சைக்கான சோதனைச் சீட்டு ஒன்றைப் பார்த்தேன். ஒரே மாதிரியில் ஐந்து பூச்சிமருந்துகளின் எச்சம். ஒவ்வொன்றும் வரம்புக்குள், அதனால் "தேர்ச்சி". என் மகள் திராட்சை என்றால் உயிரை விடுவாள். இதை நம்பிக் கொடுக்கலாமா?

ஆய்வகவாசி:
தாராளமாகக் கொடுங்கள் சகோதரி. பதினோரு வருடமாக எச்சப் பரிசோதனைதான் என் பிழைப்பு. பழத்தை உறைய வைத்து அரைத்து, பத்து கிராம் எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்கிக் கருவியில் விடுவோம். வாழைப்பழத்தைக்கூடத் தோலோடுதான் அரைக்கிறோம், தோலை யார் தின்கிறார்கள்? கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் இருந்தாலும் கருவி காட்டிவிடும். பத்துக் கோடியில் ஒரு பங்கு! விலங்குகளுக்குத் தீங்கு தெரியாத அளவை எடுத்து, அதையும் பெரும்பாலும் 100-ஆல் வகுத்துத்தான் மனிதருக்கு அளவு வைக்கிறார்கள்.

காரமிளகாய்:
சார், இரண்டைப் போட்டுக் குழப்புகிறீர்கள். 100-ஆல் வகுப்பது ஒருவர் தினமும் உட்கொள்ளக்கூடிய அளவுக்கு. சீட்டில் இருக்கும் வரம்பு வேறு. லேபிளில் சொன்னபடி மருந்து அடித்தால் அறுவடையில் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் அளந்து போட்டது அது. உடம்புக் கணக்கோடு ஒப்பிடுவது அப்புறம்தான்.

இன்னொன்று. குழந்தைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள். 1996-இல் அமெரிக்கச் சட்டம் குழந்தைகளுக்காக இன்னொரு 10 மடங்கு பாதுகாப்பைச் சேர்த்தது. நூறே போதுமென்றால் அது எதற்கு?

ஆய்வகவாசி:
வரம்பு பற்றிச் சொன்னது சரி, நான்தான் அவசரப்பட்டேன். ஆனால் அதே நியாயப்படி வரம்பைத் தாண்டினாலே விஷம் என்றும் சொல்ல முடியாது. தலைப்புச் செய்திகள் அதைத்தானே செய்கின்றன? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பாருங்கள். 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் வைத்தது. 2016-இல் எச்சங்களுக்கான ஐநா நிபுணர் கூட்டம், உணவு வழியாக அந்த ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்றது. முதலாவது பொருளின் குணம், இரண்டாவது தட்டில் விழும் அளவு.

வரப்போரம்:
மருந்து அடிக்கிறவன் பேசுகிறேன். டப்பா மூடியைத் திறக்கும்போதே கண் எரியும், காற்று திரும்பினால் முகமெல்லாம் சாரல். தட்டில் விழுவதற்கு இத்தனை கணக்குப் போடுகிறீர்கள், எங்கள் தோலில் விழுவதற்கு? சரி, தொடருங்கள்.

காரமிளகாய்:
அண்ணன் கேட்பது நியாயம். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிக்கும் எல்லாக் கணக்கும் போட்டுத்தான் 1965-இலிருந்து விற்றார்கள். 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிய சந்தேகமும், மரபணுவைத் தாக்கலாம் என்ற சந்தேகமும் தீராததால், பாதுகாப்பான அளவு என்று எதையும் வைக்க முடியவில்லை. அத்தனை வருடம் "தேர்ச்சி" பெற்ற சீட்டுகளை என்ன செய்வது?

இரவுப்பறவை:
கழுவினால் போகுமா?

ஆய்வகவாசி:
மேலே இருப்பது ஓரளவு போகும். 2017-இல் ஆப்பிளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சமையல் சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் வரை ஊறியதும் இரண்டு மருந்துகள் மேல்தோலிலிருந்து நீங்கின. ஆனால் அதில் ஒன்று, தையபெண்டசோல், ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது. அதைச் சோடா தொடாது.

காரமிளகாய்:
ஐந்தும் சேர்ந்தால் என்ன என்றுதான் சகோதரி தலைப்பில் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஆய்வகவாசி:
ஐந்தையும் அப்படியே கூட்டக் கூடாது. உடலில் ஒரே இடத்தைத் தாக்குபவற்றை மட்டும் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் தன் அனுமதி அளவில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்குகளைக் கூட்டுவது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் நரம்புக்கும் தைராய்டுக்கும் இப்படிப் பார்த்து, கவலைப்படும் எல்லைக்குக் கீழேதான் என்றது.

காரமிளகாய்:
நரம்பும் தைராய்டும். மற்ற உறுப்புகள்? சகோதரி, சீட்டில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் எத்தனை? அவை எல்லாம் நரம்பிலுள்ள ஒரே நொதியை முடக்குபவை.

இரவுப்பறவை:
இரண்டு. மீதி மூன்றும் பூஞ்சைக்கொல்லி. சீட்டைப் படமெடுத்துப் போடுகிறேன், அந்த இரண்டையும் கூட்டிச் சொல்லுங்கள். மகளின் எடை 14 கிலோ.